அயல்நாட்டில் ஓர் அடுப்பு: குடும்பப் பிரயாணிகளும் அபார்ட்மெண்ட் ஓட்டல்களும்

மூல வைகை பாயும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் முதலிய ஊர்களிலிருந்தும், மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கின் போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய நகரங்களிலிருந்தும் கடல் கடந்து சென்றவர்கள், ஒரு தலைமுறைக்கு முன்புவரை பெரும்பாலும் தனி ஆடவர்களாகவே இருந்தார்கள். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர் முகாமில் தங்கினார். சிங்கப்பூருக்குப் போனவர் கம்பெனி கொடுத்த விடுதியில் தங்கினார். ஏலக்காய் வியாபார நிமித்தம் போனவர் வியாபாரத் துணைவர் காட்டிய ஓட்டலில் இரண்டு இரவு படுத்தெழுந்து திரும்பினார். எங்கே தங்குவது என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியாகவே எழவில்லை. இன்று நிலைமை வேறு. மகனும் மருமகளும் அயலூரில் குடியிருக்க, பேரக் குழந்தையின் பிறந்தநாளையொட்டித் தாத்தாவும் அப்பத்தாவும், கூடவே அத்தை, மதினி, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து புறப்படுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகி வருகிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய விமானச் சேவையும், அதன் பின்னர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விரிந்த சேவைகளும், சென்னைக்கு இரவு பஸ் ஏறவே தயங்கிய முதியவர்களையும் கடல் கடக்கத் துணியச் செய்துவிட்டன. இவ்வாறு மூன்று தலைமுறையும் ஒருமிக்கப் பிரயாணம் செய்யும்போது, அவர்கள் எங்கே படுப்பார்கள், என்ன உண்பார்கள், யார் சமைப்பார்கள் என்னும் கேள்விகள், விமானச் சீட்டைக் காட்டிலும் முக்கியமானவையாகின்றன. இந்தக் கேள்விகளுக்கு விடையாக இப்போது பலரும் சுட்டிக்காட்டுவது, சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் கொண்ட சர்வீஸ் அபார்ட்மெண்ட், அல்லது அதுவே ஓட்டல் உரிமத்தோடு நடக்கும் அபார்ட்மெண்ட் ஓட்டல் என்னும் தங்குமிடம். அது நம் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை விரிவாகப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியது என்று எண்ணிவிடலாகாது. வெளியூர் சென்றாலும் தன் கையால் ஆக்கிப் பொங்கி உண்பது நம் பிரயாண சம்பிரதாயத்தின் ஆணிவேர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் மதுரை ரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் சத்திரமும், தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரப் பாதையில் கட்டிவைத்த சத்திரங்களும் வழிப்போக்கர்களுக்கு நிழலும் நீரும் ஆகாரமும் அளித்தபோதிலும், தாமே சமைக்கும் வழக்கம் மறையவில்லை. கார்த்திகை மார்கழி மாதங்களில் கம்பம், கூடலூர், குமுளி வழியே சபரிமலை செல்லும் பஸ்கள் தோப்போரங்களில் நின்று, பக்தர்கள் விறகு மூட்டி உலை வைக்கும் காட்சியை எங்கள் தேனி மாவட்டத்தில் காணாதவர் இல்லை. காசி யாத்திரைக்கு ஆட்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் நம் பக்கத்து ஏற்பாட்டாளர்கள், பாத்திரங்களையும் மளிகைச் சாமான்களையும் சமையல்காரரையும் உடன் கொண்டுபோவது வழக்கம்; முதியவர்கள் அந்த யாத்திரையில் துணிந்து சேருவதற்கு, கங்கையின் மகிமைக்கு அடுத்தபடியாக, அந்தச் சமையல்காரரே காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

கடல் கடந்த தமிழரிடையே இந்த வழக்கத்திற்கு இன்னும் நெருங்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவிற்கப் போன நாட்டுக்கோட்டை நகரத்தார், மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகளை நடத்தினார்கள். பகலில் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக் கடை நடத்துவதும், இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுப்பதும், ஒரே அடுக்களையில் சமைத்த உணவைப் பலரும் பகிர்ந்து உண்பதும் அங்கே நடந்தன. 1859-இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்கள் இந்தக் கிட்டங்கிகளில் வாழ்ந்த சமூகத்தாரே. அந்தக் கிட்டங்கியைக் குடும்ப வாசஸ்தலம் என்று சொல்ல முடியாது; மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள், சமைத்தவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆடவர். ஆனால், அயல்நாட்டில் நிலையாகக் குடியேறாதவனுக்கும் தன் ஊர் ஆகாரமும், தன் மக்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் தைரியமும் வேண்டும் என்பதை அந்த வியாபாரிகள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். இன்றைய அபார்ட்மெண்ட் ஓட்டலில் ஒரு தமிழ்க் குடும்பம் தேடுவதும் அந்த இரண்டையுமே.

மேனாட்டில் இதன் சரித்திரம் வேறு திசையில் சென்றது. நியூயார்க் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த அபார்ட்மெண்ட் ஓட்டல்களில், 1904-இல் திறக்கப்பட்ட அன்சோனியாவைப் போன்றவை பெயர் பெற்றவை. அக்காலத்து இத்தகைய கட்டடங்கள் பலவற்றில், குடியிருப்போரின் பகுதிகளில் முழுச் சமையலறை இருப்பதில்லை. கீழே பொதுப் போஜனசாலை, மேலே வேலைக்காரர் கொண்டுவந்து தரும் உணவு என்பதே ஏற்பாடு. சமையலறை இல்லாத வீட்டை ஒரு குறையாகக் கருதாமல், அதைப் பெண்களின் விடுதலைக்கு வழியாகக் கண்டவர்களும் அன்று இருந்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், 1898-இல் வெளியான பெண்களும் பொருளாதாரமும் பற்றிய நூலில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் தனித்தனியே அடுப்போடு போராடுவதை ஒழித்து, சமையலைத் தேர்ந்தவர்களின் பொதுத் தொழிலாக்க வேண்டும் என்று வாதாடினார். பிற்காலத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1975-இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஜாக் டிபோயர் என்பவர், வேலை நிமித்தம் வாரக் கணக்கில் தங்குவோருக்காக அறைக்குள்ளேயே சமையலறை வைத்த ரெசிடென்ஸ் இன் என்னும் விடுதியைத் தொடங்கினார். 1987-இல் அதை மேரியட் நிறுவனம் வாங்கியது. ஆசியாவில் இத்துறைக்கு முன்னோடியாக 1984-இல் சிங்கப்பூரில் அஸ்காட் திறக்கப்பட்டது. இவையெல்லாம் முதலில் கம்பெனி உத்தியோகஸ்தர்களை மனத்தில் கொண்டே அமைந்தன. குழந்தை குட்டிகளோடு வருவோர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இந்த விடுதிகள் பலவற்றில் மேஜையும் நாற்காலியும் சௌகரியமாயிருக்க, அடுக்களை மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதற்கு இந்தப் பிறப்பே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம்மவர்கள் மிகவும் குறைவாக விசாரிப்பதும், விசாரிக்காததால் மிகவும் அவதிப்படுவதும் இந்த அம்சத்தில்தான். கைப்பேசியில் காணும் படங்களில் எல்லாத் தங்குமிடங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு ஜாதி. சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை ஆறு மாதத்திற்குக் குறைவாக வாடகைக்கு விடுதல் ஆகாது. தனியார் வீடுகளுக்கு, 2017 முதல், குறைந்தபட்சம் தொடர்ந்து மூன்று மாதம் என்பது விதி. சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று அனுமதி பெற்ற கட்டடங்களிலும் ஏழு நாளுக்குக் குறைவாகத் தங்கவைக்க இயலாது. ஓட்டல் உரிமம் பெற்ற அபார்ட்மெண்ட் விடுதிகளில் மட்டுமே ஓர் இரவு, இரண்டு இரவு என்று தங்கலாம். ஆகவே, நான்கு நாள் சுற்றுலாவுக்குப் போகிற குடும்பம் சிங்கப்பூரில் சமையலறை வேண்டுமென்று விரும்பினால், அந்த விடுதி எந்த உரிமத்தில் நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ ஒருவருடைய வீட்டின் அறையை நான்கு நாளுக்கு எடுத்தால், விதியை மீறிய குற்றம் வீட்டுக்காரரைச் சேர்ந்ததாயினும், நள்ளிரவில் பெட்டியோடும் குழந்தையோடும் வாசலில் நிற்கும் கஷ்டம் நம்முடையதாகும்.

மலேசியாவின் நிலை வேறு விதமானது. கோலாலம்பூரில் வானளாவிய கட்டடங்களில் அடுக்ககங்களைத் தனித்தனி உடைமையாளர்கள் வாங்கிப் போட்டு, நாள் வாடகைக்கு விடுவது பெருகியிருக்கிறது. கீழே வரவேற்பு மேஜையில் ஆள் இருப்பார். ஆனால் அவர் கட்டடத்தின் காவலரே அன்றி விருந்தினரை உபசரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். சாவி ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் எண் கைப்பேசிக்கு வரும். குழாய் ஒழுகினால் கேட்பதற்கு முகம் தெரிந்த மனிதர் இருக்கமாட்டார். அத்தகைய குறுகிய கால வாடகையைத் தடை செய்யக் கட்டட நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால், சென்ற ஆண்டு உறவினர் தங்கிய கட்டடத்தில் இந்த ஆண்டும் அனுமதிப்பார்கள் என்று நம்பிப் போவது தகாது. அயல்நாட்டுப் பிரயாணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் 2017 செப்டம்பர் முதல் அங்கே வசூலாகிறது. முன்பதிவில் காட்டிய தொகையில் அது சேராமல் இருந்து, போய் இறங்கியபின் கேட்கப்படுவதுண்டு.

துபாயில் இவ்விஷயம் ஒழுங்காக இருக்கிறது. ஓட்டல் அபார்ட்மெண்ட் என்பதையே ஒரு தனி வகையாக அங்கீகரித்து அரசாங்கம் தரம் பிரித்திருக்கிறது. தனியார் விடுமுறை வீடுகளுக்கென்று 2013-இல் தனி ஆணை பிறப்பித்திருக்கிறது. 2014 முதல் தரத்திற்கேற்ப இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை சுற்றுலாக் கட்டணமும் வாங்குகிறது. கராமா, பர் துபாய்ப் பகுதிகளில் நம்மூர் மளிகைக் கடைகளும் சைவ உணவகங்களும் நடக்கும் தூரத்தில் இருப்பதால், முதல் முறை அயல்நாடு காணும் குடும்பத்துக்கு இந்த நகரத்து அபார்ட்மெண்ட் ஓட்டல் மிகவும் அநுகூலமானது என்றே கருதுகிறேன். தாய்லாந்தில் 2004-ஆம் ஆண்டின் ஓட்டல் சட்டப்படி உரிமமில்லாத அடுக்ககத்தை ஒரு மாதத்திற்குக் குறைவாக வாடகைக்கு விடலாகாது. லண்டனில் ஒரு வீட்டை முழுமையாக ஆண்டுக்கு 90 இரவு மட்டுமே இவ்வாறு விடலாம்; ஜப்பானில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 180 நாள் என்று வரம்பு கட்டியது; நியூயார்க்கில் முப்பது நாளுக்குக் குறைவான வாடகைக்கு வீட்டுக்காரரும் உடனிருக்க வேண்டும் என்னும் விதி 2023 செப்டம்பர் முதல் கண்டிப்பாக அமலாகிறது; பார்சலோனா நகரம் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அடுக்ககங்களின் உரிமங்களை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. இந்த விதிகள் பலவற்றுக்கும் முக்கியக் காரணம் ஒன்று: பிரயாணிக்கு விடும் வீடு, அந்த ஊரில் குடியிருப்பவனுக்குக் கிடைக்காமல் போகிற வீடு. அந்நகரத்து மக்கள் தங்கள் வாடகை ஏறுவதைக் கண்டு கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வைகை அணைக்காகத் தங்கள் ஊர்களையும் நிலங்களையும் விட்டுக்கொடுத்த மக்கள் வாழும் வட்டாரத்திலிருந்து செல்லும் நாம், பிறர் வீடிழப்பதன்மேல் நம் சௌகரியத்தை அமைத்துக்கொள்ளலாகாது. தங்கும் தொழிலுக்கென்றே கட்டப்பட்டு உரிமம் பெற்ற விடுதியைத் தேடிப் போவது சட்டத்துக்கு உகந்தது மட்டுமன்றி, தர்மத்துக்கும் உகந்தது.

சட்டத்தைக் கடந்து உள்ளே போனால், அடுப்பு நிற்கிறது. சமையலறை உண்டு என்று எழுதியிருந்தால் அது நம் சமையலறை என்று நினைத்துவிடக் கூடாது. சில விடுதிகளில் மைக்ரோவேவும் வெந்நீர்க் கெட்டிலும் மட்டுமே சமையலறை என்னும் பெயருக்கு ஆதாரம். அடுப்பு இருக்கும் இடங்களிலும் நெருப்பு எரியும் அடுப்பு அபூர்வம். மின்சார இண்டக்‌ஷன் அடுப்போ கண்ணாடித் தட்டு அடுப்போதான் பெரும்பாலும் இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகம் உள்ள பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். ஆகையால் நம் அலுமினிய இட்லிக் குண்டானையும், செம்பு அடிப் பாத்திரத்தையும் இங்கிருந்து சுமந்துபோய்ப் பயனில்லை. ஒரு சிறு காந்தத்தை எடுத்து வீட்டிலேயே ஒட்டிப் பார்த்தால் இந்தச் சங்கடம் தீரும். அரிசி வேகவைக்கும் குக்கர் சிங்கப்பூர், மலேசிய விடுதிகளில் கேட்டால் கிடைக்கும். ஐரோப்பாவில் அதை எதிர்பார்க்க வேண்டாம். மிக்ஸி கொண்டுபோக விரும்புவோர், சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் ஆகிய இடங்களில் மின்னழுத்தம் நம் நாட்டை ஒத்தது, பிளக்கின் முனை மட்டும் சதுரமானது என்பதையும், அமெரிக்காவில் 120 வோல்ட்டும் ஜப்பானில் 100 வோல்ட்டும் என்பதால் நம் மிக்ஸி அங்கே உதவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தாளிதம் ஒரு தனிப் பிரச்சினை. காய்ந்த எண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் பொரியும்போது எழும் புகை, நம் வீட்டில் ஜன்னல் வழியே ஓடிவிடும். அடைத்த கண்ணாடிச் சுவர்களுக்குள் அது நேரே கூரையில் உள்ள புகையுணர்வானைச் சென்றடையும். மணி அலறினால் கட்டடம் முழுவதும் உள்ளவர்கள் படியிறங்கி வீதிக்கு வர நேரலாம். ஆஸ்திரேலியாவில் பல விடுதிகளில், தீயணைப்பு வண்டி வீணாக வந்து போன கட்டணத்தைத் தங்கியிருப்பவரிடமே வசூலிக்கும் நிபந்தனை உண்டு. புகையுணர்வானைத் துணியால் மூடிவிடுகிற உபாயத்தைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். அது உயிருக்கு ஆபத்தான காரியம், பல நாடுகளில் குற்றமுங்கூட. தாளிக்கும் வடகத்தையும், வறுத்துப் பொடித்த பொடிகளையும், புளிக்காய்ச்சலையும் வீட்டிலேயே பக்குவம் செய்து கொண்டுபோனால், அங்கே சாதமும் பருப்பும் வேகவைப்பதோடு வேலை முடியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் கட்டிக்கொண்டு போகும் புளிச்சாதத்தின் சூட்சுமம் இதிலும் செல்லும்.

ஆனால் எதைக் கட்டுகிறோம் என்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கென்று ஒரு சிறு பொட்டலத்தை வெள்ளை மனத்தோடு எடுத்துச் செல்கிற அப்பத்தாவுக்கு, அங்கே அது போதைப் பொருள் சம்பந்தமான விசாரணையாக முடியலாம். வீட்டில் அரைத்த மசாலாவிலும் அது கலந்திருக்கக் கூடும் என்பதால், பொடி இடித்தவரையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் பச்சைக் கறிவேப்பிலை, விதை, பால் பொருள் முதலியவற்றில் கெடுபிடி அதிகம், கொண்டுவந்த உணவை அட்டையில் எழுதி அறிவித்துவிட்டால், எடுத்துக்கொள்வதோடு விடுவார்கள், மறைத்தால் அபராதம். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் அதிகமாகச் சுமக்கவே தேவையில்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் நம் ஊர்ச் சந்தையைப் போலவே குவிந்திருக்கின்றன. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், பாரிஸின் லா ஷப்பேல், லண்டனின் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, கொழும்பின் வெள்ளவத்தை ஆகிய பகுதிகளும் அப்படியே. விடுதியின் அழகைக் காட்டிலும், அது இத்தகைய கடைத்தெருவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே சமைத்துண்ணும் குடும்பத்துக்கு முக்கியம்.

இவ்வளவு சொல்லியபின், இந்த விஷயத்தின் இருதயஸ்தானத்திற்கு வரவேண்டும். அந்த அடுப்பின் முன் நிற்பவர் யார்? குடும்பம் முழுவதும் பகலெல்லாம் ஊர் சுற்றிக் களைத்துத் திரும்பும்போது, ஆடவர்கள் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியைத் திருப்ப, அதே களைப்போடு வந்த மருமகளோ மதினியோ நேரே சமையலறைக்குள் நுழைந்து உலை வைக்கிறாள். காலையில் எல்லோரும் எழுமுன் எழுந்து, குழந்தைக்குப் பாலும் பெரியவருக்குக் கஞ்சியும் மற்றவர்களுக்கு உப்புமாவும் செய்து, பாத்திரம் துலக்கி, துணி இயந்திரத்தில் துணியைப் போட்டு, பிறகு தான் குளித்து, கடைசி ஆளாக லிஃப்டுக்கு ஓடிவருகிறாள். ஓட்டல் அறையில் தங்கியிருந்தால், குறைந்தபட்சம் படுக்கை விரிக்கவும் காப்பி கலக்கவும் வேறொருவர் இருந்திருப்பார். சமையலறை சேர்ந்த விடுதியால் மிச்சமாகும் பணம் என்று குடும்பத் தலைவர் பெருமையோடு கணக்குக் காட்டுகிற தொகை, உண்மையில் அந்தப் பெண்ணின் விடுமுறையிலிருந்து எடுக்கப்பட்டது. கில்மன் அம்மையார் நூறாண்டுக்கும் முன்பே எழுப்பிய கேள்வி, நம் குடும்பப் பிரயாணத்தில் இன்னும் விடை பெறாமலே நிற்கிறது.

இதற்காகச் சமையலறையை வேண்டாமென்று சொல்லுவது சரியாகாது. நீரிழிவு நோயுள்ள பெரியவர், பல் இல்லாத பாட்டி, அன்னியச் சுவையை நாவில் வைக்க மறுக்கும் மூன்று வயதுக் குழந்தை ஆகியோர் உள்ள குடும்பத்திற்கு அடுப்பு அத்தியாவசியம். அது இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் பிரயாணத்துக்கே இசையமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் கூழும் ரசஞ்சோறும் உண்டு பழகிய முதியவர் ஒருவர், ஓட்டலின் காலைச் சிற்றுண்டி மண்டபத்தில் ரொட்டியையும் குளிர்ந்த பழத்துண்டுகளையும் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு எழுந்து போவதைக் காண நேர்ந்தால், எவ்வளவு நட்சத்திரம் பெற்ற விடுதியும் அவருக்குச் சிறைதான். அடுப்பு தேவை, ஆனால் அதன் முன் நிற்கும் முறை பங்கிடப்பட வேண்டும். ஒரு வேளை மட்டும் வீட்டில், அதுவும் சாதம், ரசம், தயிர் என்னும் எளிய ஆகாரம். மற்ற வேளைகளில் வெளியே உண்ணுதல். பாத்திரம் துலக்குவதும் துணி உலர்த்துவதும் ஆடவர், இளைஞர் பொறுப்பு என்று முறை வகுத்துக்கொண்ட குடும்பங்கள் இந்தத் தங்குமிடத்தின் முழுப் பயனையும் பெறுகின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளை, தன் வீட்டில் ஒருநாளும் செய்யாத அரிசி களையும் வேலையை அயல்நாட்டு விடுதியில் கற்றுக்கொண்டு வருவதை நான் மகிழ்ச்சியோடு கண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சாதாரண ஓட்டல் அறையில் இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையுமே தங்க அனுமதி என்பதால், ஏழு பேர் உள்ள குடும்பம் மூன்று அறை எடுக்க வேண்டும். இரண்டு படுக்கையறையும் கூடமும் உள்ள அபார்ட்மெண்டில் கூடுதல் மெத்தையோடு அவர்கள் அடங்கிவிடுவார்கள், விடுதி அதற்கு இசைந்தால். இசைவு பெறாமல் ஆட்களை உள்ளே கொண்டுபோகிற வழக்கம் தவறானது; தீ விபத்தில் உள்ளே எத்தனை பேர் என்பது மீட்கும் படைக்குத் தெரியவேண்டிய விஷயம். ஒன்று அல்லது இரண்டு இரவுக்குச் சுத்தம் செய்யும் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். வாரக் கணக்கில் தங்கும்போது வாடகை குறைவதே வழக்கம்.

முதியவர்களுக்காக இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். குளிக்கும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏறி இறங்குவது, தரையில் நின்று குளித்துப் பழகியவர்களுக்கு மிகுந்த அபாயம். தொட்டியில்லாமல் தரைமட்டத்தில் ஷவர் உள்ள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் சிங்கப்பூர், மலேசியா, துபாயில் பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அரிது. சமையலுக்கும் துணிக்கும் பெரிதும் கவலைப்படுகிற குடும்பங்கள், இதை விசாரிக்க வெட்கப்பட்டு விட்டுவிடுகின்றன.

நம் சமூகத்திற்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. அண்ணன் வீடு அங்கிருக்க, தங்கை குடும்பத்தோடு வந்து விடுதியில் இறங்கினால், அண்ணனுக்கு அது அவமானம். "நாங்க இருக்கோம்ல, எதுக்கு ஓட்டலு?" என்னும் அந்தக் கேள்வியில் பாசம் நிறைந்திருக்கிறது. ஆனால் அவர் குடியிருப்பதோ மூன்று அறையுள்ள அடுக்குமாடி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏழு பேர் பத்து நாள் அங்கே தங்கினால், பாசமே பாரமாகிவிடுகிறது. இந்த இக்கட்டுக்கு அபார்ட்மெண்ட் ஓட்டல் நாகரிகமான ஒரு தீர்வைத் தருகிறது. அண்ணன் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அபார்ட்மெண்ட் எடுத்து, முதல் நாள் இரவு அவர் வீட்டில் உண்டு, மறுநாள் அவர் குடும்பத்தைத் தங்கள் கூடத்துக்கு அழைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியையும் வடகத்தையும் வைத்துச் சமைத்துப் பரிமாறினால், விருந்தாளி தானும் விருந்தளிப்பவராகிறார். ஓட்டல் அறையில் படுக்கையின்மேல் அமர்ந்து உறவினரை உபசரிக்க இயலாது. ஒரு கூடமும் மேஜையும் இருந்தால் இயலும். ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்குக் கொழும்பு வரும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் சில வாரங்களுக்கு இடம் எடுத்து, அங்கேயே உற்றார் உறவினரை வரவழைத்துக் காண்பதும் இந்தச் சௌகரியத்தைக் கருதியே.

ஓட்டலின் பெருமையையும் மறைப்பதற்கில்லை. நள்ளிரவில் தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தால், ஒரு பொத்தானை அழுத்தியவுடன் டாக்டரை வரவழைக்கும் வரவேற்பு மேஜை அங்கே இருக்கிறது. பெட்டியைத் தூக்க ஆள் இருக்கிறார். அதிகாலை விமானத்தில் வந்திறங்கினால் கூடத்தில் அமரவாவது இடம் கிடைக்கும். பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு முன் அறை தருவதில்லை என்பது இரண்டிலும் ஒன்றே; ஆனால் ஆளில்லாத அபார்ட்மெண்டில் அதுவரை பெட்டியை வைக்கக்கூட இடமிராது. இரண்டு இரவுக்கு ஓர் ஊர் என்று நான்கு ஊர் பார்க்கும் சுற்றுலாவுக்கு ஓட்டலே சிலாக்கியம். ஒரே ஊரில் ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்து, பிள்ளைகளையும் உறவினரையும் கண்டு, அந்த ஊரின் கடைத்தெருவில் காய்கறி வாங்கி, நிதானமாய் வாழ்ந்து பார்க்க விரும்பும் மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு, ஓட்டல் உரிமமும் இருபத்துநான்கு மணி நேர வரவேற்பும் உள்ள அபார்ட்மெண்ட் ஓட்டலே உகந்தது. இவ்விரண்டு குணமும் இல்லாத மலிவு அடுக்ககத்தை, முதியவரோடும் குழந்தையோடும் செல்பவர்கள் தவிர்ப்பதே நல்லது என்பது என் தீர்மானமான முடிவு.

தேனியிலும் மதுரையிலும் உள்ள பிரயாண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடும்பத்துக்கு அறை பதிவு செய்யும்போது விடுதியின் உரிம வகை, தங்கக்கூடிய குறைந்தபட்ச நாள், உள்ளூர் வரி, அடுப்பின் இனம், குளியலறையின் அமைப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்று, விமானச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்லுவேன்: எந்த நாள் யார் சமைப்பது, யார் பாத்திரம் துலக்குவது என்பதை மயிலாடும்பாறையிலேயே, பெட்டி கட்டுவதற்கு முன், வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள்.